பெயர் கூறப்படா மாதர்க்குப் பெயரிடல் தகுமா?

சேக்கிழார் பெருமான் அருளிய திருத்தொண்டர் புராணத்தில் நாயன்மார் பலருடைய மனைவியர் இயற்பெயர் கூறப்படாமலே வருகின்றனர். இளையான்குடி மாறனார் மனைவியார், இயற்பகையார் மனைவியார், திருநீலகண்டக் குயவனார் மனைவியார், குங்கிலியக் கலயனார் மனைவியார், அமர்நீதியார் மனைவியார், அரிவாட்டாயர் மனைவியார் என இவ்வரிசை நீளும். அண்மைக் காலத்தில் இவ்வம்மையார்களுக்குப் பெயர் சூட்டும் வழக்கமொன்று தலையெடுத்துளது. நாடகம் எழுதுவோர் சூட்டுகின்றனர். சிறுவர்க்குக் கதை எழுதுவோர் சூட்டுகின்றனர். தொலைக்காட்சித் தொடர் அமைப்போர் சூட்டுகின்றனர். சொற்பொழிவாளர் சிலர் அப்பெயர்களைச் சேக்கிழார் வாக்கே போல மேடையில் எடுத்தாளவும் துணிந்துவிட்டனர். முன்னாளில் இது கதை நடத்தும் வசதி பற்றி நிகழ்ந்தது. கணவன் அழைக்க ஒரு சொல் வேண்டுமன்றோ! இந்நாளிலோ அவ்வசதிக்கு அறம் என்றொரு பெயர் தந்து வாதிப்பாரும் தோன்றியிருக்கின்றனர். பெயரிடும் ஆசை மாதரோடு நில்லாமல் தம் செயலுக்கும் பெயரிடும் அளவு வளர்ந்துவிட்டது போலும்.

அவர் கூற்றை அவர்க்கு இழுக்கின்றி எடுத்துரைத்துப் பின்னரே மறுத்தல் முறை. அவர் கூறுவது இது: “ஒருவரைப் பெயரின்றி விடுத்தல் அவரை ஆளாகக் கருதாமையின் அடையாளம். புத்தூர்ச் சடங்கவி சிவாசாரியார் பெயர் நூலில் நின்றது. நம்பியாரூரரோடு மணவறை வரை வந்து, மணம் தடைப்பட்டு, அவர் திருவடியையே நினைந்திருந்து சிவலோகம் சேர்ந்த அவர் மகளார் பெயர் நிற்கவில்லை. வைப்பூர்த் தாமன் பெயர் நின்றது. திருமருகலில் பாம்பு தீண்டிய தலைவனருகே கிடந்து அரற்றிய அவன் மகள் பெயர் நிற்கவில்லை. கொல்லிமழவன் பெயர் நின்றது. பாச்சிலாச்சிராமத்தில் முயலகன் நோய் தீர்ந்தெழுந்த அவன் மகள் பெயர் நிற்கவில்லை. தந்தைக்குப் பெயருண்டு, மகளுக்கில்லை. கணவனுக்குப் பெயருண்டு, மனைவிக்கில்லை. இக்குறையை இன்று வாழ்வோர் நிரப்பினால் வரும் கேடு யாது? பெயரிடுதல் அவர்க்குச் செய்யும் மரியாதையே.”

இக்கூற்றில் ஒரு பகுதி மெய். அதனை மறுப்பார் நடுவுநிலையில் நில்லாதவரே. தந்தையர் பெயரும் கணவர் பெயரும் நின்ற இடத்திலே மகளிர் பெயர் நில்லாமை கண்கூடு. அது காண்பார் நெஞ்சை உறுத்துதலும் இயல்பு. ஆயினும் உறுத்தல் மெய்யாயிருத்தல் ஒன்று, அதற்கு இடும் மருந்து தக்கதாயிருத்தல் மற்றொன்று.

முதற்கண், சேக்கிழார் மாதர் பெயரை மதியாது விடுத்தார் என்னும் குற்றச்சாட்டு நிற்குமா என்று நோக்குக. திலகவதியார், மாதினியார், பகவதியார், இசைஞானியார், மங்கையர்க்கரசியார், புனிதவதியார், பரவையார், சங்கிலியார், பூம்பாவையார், கோட்புலியார் மகளாராகிய சிங்கடியார் வனப்பகையார், கோச்செங்கட் சோழரின் தாயாகிய கமலவதியார், வேடர்குலத்துத் தத்தை என எத்துணைப் பெயர்கள்! சிறுத்தொண்டர் புராணத்தில் மனைவியார் திருவெண்காட்டு நங்கையார் மட்டுமன்று, அம்மனையில் ஏவல் செய்திருந்த சந்தனத்தாதியாரும் பெயரோடு நிற்கின்றார். பட்டத்து அரசியொருத்தி பெயரின்றி வரும் நூலிலே தாதியொருத்தி பெயரோடு வருகின்றாள். ஆகவே குலமும் செல்வமும் பார்த்துப் பெயர் வழங்கியவரல்லர் அவ்வாசிரியர். பெண்ணென்று பார்த்துப் பெயர் மறுத்தவரும் அல்லர். பின் எதனைப் பார்த்தார்? தமக்கு முன்னே வழங்கிய செய்தியைப் பார்த்தார்.

இதற்குக் கல்லே சான்று. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் காலத்தில் (985–1014) எழுந்தருளுவிக்கப்பெற்ற அடியார் திருமேனிகளைக் கூறும் கல்வெட்டுக்களில் சிறுத்தொண்ட நம்பி, திருவெண்காட்டு நங்கை, சீராளதேவர் என மூவர் பெயரும் காணப்படுகின்றன. நம்பியாரூரர் திருமேனியோடு நங்கை பரவையார் திருமேனியும் கூறப்படுகின்றது. சேக்கிழார் இரண்டாம் குலோத்துங்கன் காலத்தவர் (1133–1150). அவர் எழுத்தாணி பிடிப்பதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே திருவெண்காட்டு நங்கை என்னும் பெயர் கல்லிலேறிச் செம்பாலியன்ற திருமேனியாகவும் நின்றது. வழங்கிய பெயரை அவர் ஏற்றார். வழங்காத பெயரைத் தாமே படைத்தாரல்லர். அவருக்குப் பெயர் படைக்கும் ஆற்றல் இல்லாமலா போயிற்று? நாலாயிரத்துக்கு மேற்பட்ட செய்யுள் யாத்தவர்க்கு நான்கெழுத்துப் பெயரொன்று கிட்டாமலா போயிற்று? அவ்விடங்களில் அவர் வாளா இருந்தமை, மறதியன்று, நாணயம்.

அதே பெரிய கோயிலில் தளிச்சேரிப் பெண்டுகள் நானூற்றுவர் பெயரும், எந்தெந்தத் தளியிலிருந்து கொண்டு வரப்பட்டனர் என்பதும், எத்தெருவில் எவ்வரிசையில் எத்தனையாம் வீட்டில் குடியிருத்தப்பட்டனர் என்பதும் ஒன்று விடாமல் பொறிக்கப்பட்டுள்ளன. பெண்டிர் பெயரை எழுதுதல் தமிழ்நாட்டார்க்கு வழக்கமே அன்று என்பார் அச்சுவரின் முன் ஒரு பகல் நின்று வருதல் நலம். எழுதத்தக்க பெயர் கையிலிருந்தபோது எழுதினர்.

இனி, நாயன்மார்க்கெல்லாம் இயற்பெயர் நின்றதென்று எதிர்வாதியார் கருதுவதும் விரைவுக் கருத்தே. எறிபத்தர் என்பது பெற்றோர் இட்ட பெயரா? திருக்குறிப்புத் தொண்டர் என்பது தொட்டிலில் இட்ட பெயரா? இவ்விருவர்க்கும் பெற்றோர் இட்ட பெயர் புராணத்தில் இல்லை. தில்லைக் குயவனார்க்கும் அவர் இடையறாது போற்றிய இறைவன் கண்டமே பெயராயிற்று. திண்ணனார் என்னும் பெயர் தெரிந்திருந்தும் கண்ணப்பர் என்றே உலகம் வழங்குகின்றது. பரஞ்சோதியார் சிறுத்தொண்டரில் மறைந்தார். காரைக்காலம்மையார் செய்ததோ இன்னும் வியப்பு. புனிதவதி என்னும் பெயர் தமக்கிருப்பவும், தாம் பாடிய பாடல்களில் தம்மைக் காரைக்காற் பேய் என்றே குறித்தார். நம்பியாரூரரும் திருத்தொண்டத்தொகையில் அவரைப் பேயார் என்றே வணங்கினார். பெற்றோர் இட்ட பெயரை ஒருத்தி தானே கழற்றி வைத்தாள் எனின், பெயரின்மை எங்கும் எப்பொழுதும் இழிவென்பது யாங்ஙனம் பொருந்தும்?

“அவர் தாமே கழற்றினார், மற்றையோர்க்குப் பிறரன்றோ பெயரில்லாமற் செய்தனர்” எனின், அது நல்ல வினா. அதற்கு விடை அளவை பற்றிக் காணத்தக்கது.

சைவ சித்தாந்தம் காண்டல், கருதல், உரை என அளவை மூன்று கொள்ளும். ஒருத்தியின் இயற்பெயர் இம்மூன்றுள் எதனாற் பெறப்படும்? காண்டலாற் பெறுதற்கு அவர் இன்றில்லை. கருதலாற் பெறுதற்கோ புகையும் நெருப்பும் போலப் பெயருக்கும் செயலுக்கும் விடாத் தொடர்பு இருத்தல் வேண்டும். இளையான்குடி மாறனார் மனைவியார் செய்ததைக் கொண்டு அவருடைய அன்பைக் கருதலாம், அறிவைக் கருதலாம், வறுமையிலும் கலங்காத திட்பத்தைக் கருதலாம். அவர் தாய் அவரை என்னென்று அழைத்தாள் என்பதை எத்துணைக் கூரிய கருதலாலும் எட்ட முடியாது. எஞ்சியது உரையளவை ஒன்றே. சொன்னவர் சொன்னாலன்றிப் பெயர் தெரியாது. உரை வாளாவிருக்குமிடத்தில் பெயரொன்றை இட்டு வழங்குவோர், இல்லாத உரையை உண்டாக்குகின்றனர், அளவையே கள்ளமாகின்றது.

யூதர் வேதத்தின் முதனூலில் ஊழிவெள்ளத்தைக் கடந்த நோவா என்பாரின் மனைவிக்குப் பெயர் கூறப்படவில்லை. பின்வந்த நூலொன்று அவளை எம்சாரா என்றது; வேறொன்று நாமா என்றது. ஒருத்திக்கு இருவேறு பெயர்! உரையின்றிப் பெயரிடப் புகுந்தால் எந்நாட்டிலும் நிகழ்வது இதுவே.

பெயர்களை இலக்கணமுடையார் இடுகுறி என்றும் காரணம் என்றும் இருவகையாகப் பகுப்பர். இப்பகுப்பே இவ்வழக்கைத் தீர்க்கும். மக்கட்கிடும் இயற்பெயர், சொல்லளவில் பொருளுடைத்தாயினும், இடுதற்குரியார் இட்டமையாலேயே பெயராவது. அவ்வகையில் அஃது இடுகுறியின் பாற்படும். இடுதற்குரியார் யாவர்? பெற்றோர், குரவர் முதலாயினோர். காரைக்காலம்மையாரை விட்டு நீங்கிய பரமதத்தன் பாண்டிநாட்டில் வேறொருத்தியை மணந்து பெற்ற மகளுக்கு அம்மையாரின் திருப்பெயரையே இட்டான். முன்னை மனைவியைத் தெய்வமென்று அவன் உணர்ந்ததற்கு அப்பெயரே சான்றாய் நின்றது. தந்தையாதலின் அவன் இடலாயிற்று. எண்ணூறு ஆண்டோ ஆயிரம் ஆண்டோ கழித்து வந்த ஒருவர், இன்னொருவர் மகளுக்கு எம்முறை பற்றி இயற்பெயர் இடுவது?

காரணப்பெயரோ அத்தன்மைத்தன்று. காரணத்தைக் கண்டார் எவரும் அதனை இடலாம். காரணமே அதற்குச் சான்று. சங்கச் செய்யுட்களைத் தொகுத்த சான்றோர் செய்தது இதுவே. பாடினோர் பெயர் கிடையாத பாட்டுக்களுக்கு அவர் கற்பனைப் பெயர் புனைந்தாரல்லர். பாட்டில் நின்ற அரிய தொடரையே எடுத்துச் செம்புலப்பெயனீரார் என்றும், ஓரேருழவனார் என்றும், குப்பைக்கோழியார் என்றும், தேய்புரிப் பழங்கயிற்றினார் என்றும் வழங்கினர். கேட்ட அளவில், “இஃது இவர் பாட்டால் வந்த பெயர், இவர் இயற்பெயர் கிடைத்திலது” என்பது சிறுபிள்ளைக்கும் விளங்கும். இழந்தது இழந்ததாகவே தெரிகின்றது, மதிப்பும் குறைந்திலது. இதனினும் நேர்மையான வழி வேறென்ன உண்டு? முளைவாரி அமுதளித்த அம்மையார் என்று மாறனார் மனைவியாரை ஒருவர் வழங்கின் எவரும் தடுக்கார். அப்பெயர் அவர் செயலிற் பிறந்தது, எவரையும் ஏமாற்றாது.

“அங்ஙனமாயின் அமுதளித்தமையால் அமுதவல்லி என்போம், அதுவும் காரணப்பெயரே” என்று எதிர்வாதியார் ஓடி வருவர். அற்றன்று. அமுதவல்லி என்று கேட்போர், அவர் தாய் அழைத்த பெயர் அதுவென்றே கொள்வர். காரணம் பற்றிப் பின்னோர் இட்டதென்று ஒருவரும் கொள்ளார். கேட்போர் உள்ளத்தில் எப்பொருள் விளைகின்றதோ அதற்குச் சொல்வோரே பொறுப்பு. பொற்பூச்சிட்ட பித்தளையை விற்றவன், “பொன் என்று வாயாற் சொன்னேனா?” என்று கேட்டுத் தப்ப முடியுமா? அப்பெயர்களின் ஓசையையும் சற்றே செவிகொடுத்துக் கேட்க. உடுப்பூர் வேடர் குடியிலே நாகன், தத்தை, திண்ணன் என்று மண்ணோடு பொருந்திய பெயர்களைச் சேக்கிழார் வழங்குகின்றார். இக்காலத்தார் தில்லைக் குயவர் மனையிலும் புகார் வணிகர் மனையிலும் நுழைக்கும் பெயர்களோ நேற்றுத் திருமண அழைப்பிதழில் அச்சானவை போல ஒலிக்கின்றன.

இனி, கேடு யாது என்ற வினாவுக்கு வருதல் வேண்டும். வழக்கின் உயிர்நிலை அதுவே.

இட்டுக்கட்டியது எத்துணை விரைவில் வேர்விடும் என்பதற்கு நந்தனார் கதையே போதும். கோபாலகிருஷ்ண பாரதியார் 19ஆம் நூற்றாண்டில் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை இயற்றியபோது, திருநாளைப்போவார் புராணத்தில் இல்லாத வேதியப் பண்ணையார் ஒருவரைப் படைத்துச் சேர்த்தார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் அந்நூலுக்குச் சிறப்புப்பாயிரம் தர முதலில் உடன்பட்டாரல்லர். பின்னர்ப் பாரதியார் பாட்டைக் கேட்டு உருகியே தந்தார் என்பது உ. வே. சாமிநாதையரவர்கள் எழுதி வைத்த செய்தி. பாட்டு உருக்கும், அதனை மறுப்பாரில்லை. ஆனால் அக்கதை மேடையேறி, 1942ஆம் ஆண்டில் தண்டபாணி தேசிகர் நடித்த திரைப்படமாகவும் ஊரூராய்ச் சென்றபின், அவ்வேதியர் சேக்கிழார் புராணத்தில் இல்லையென்று சொன்னால் நம்ப மறுப்போரே மிகுதி. மூலத்தைத் திறந்து காட்டினும், “இப்பதிப்பில் விட்டுப்போயிற்று போலும்” என்பர்! திருவள்ளுவர் மனைவியார் வாசுகி என்னும் பெயரும் அத்தகையதே. குறளிலோ பழைய உரையிலோ அவ்வம்மையார் பெயர் இல்லை. பிற்காலக் கதைகளாலேயே அது வழங்கிற்று. இன்று அதனை ஐயுற்று வினவுவோரையே உலகம் ஐயுறுகின்றது.

இவையேனும் எவரையும் புண்படுத்தாதவை என்று விடலாம். மானக்கஞ்சாற நாயனார் மகளார் செய்தி அத்துணை எளிதன்று. மணநாளில் மாவிரத முனிவர் கேட்டாரென்று தந்தை வாளெடுத்து அரிந்து கொடுத்த கூந்தலுக்குரியார் அவர். அவரை மணந்தவர் ஏயர்கோன் கலிக்காமர். அக்கலிக்காமர், நம்பியாரூரர் வருகின்றாரென்று கேட்டு அவரைக் காணப் பொறாது தம் வயிற்றைக் கிழித்து மாய்ந்தபோது, அவர் மனைவியார் தாமும் உடன் உயிர்விடத் துணிந்திருந்தார். நம்பிகள் அணுகிவிட்டாரெனக் கேட்டதும், ஒருவரும் அழுதலொழிக என்று ஆணையிட்டு, உடலை மறைப்பித்து, எதிர்கொள்ள ஆளனுப்பி, வந்த அடியாரை முறைப்படி வழிபடச் செய்தார். கூந்தல் இழந்த அம்மணமகளே இம்மனைவியார். இரண்டு புராணங்களையும் சேரவைத்துப் படிப்போர்க்கே இவ்வொருமை புலனாகும். தனித்தனி நாடகமாக எழுதும் ஒருவர் முதலதில் ஒரு பெயரும், இன்னொருவர் இரண்டாவதில் வேறொரு பெயரும் இட்டால், ஒரு பெண் இருவராகப் பிளக்கப்படுவாள். பெயரில்லாதபோது ஒருத்தியாயிருந்தவள், பெயர் பெற்றதனால் அழிந்தாள்! அவர்க்குச் செய்யும் மரியாதையா இது?

எல்லாவற்றினும் கொடிது கழற்சிங்கர் தேவியார் செய்தி. திருவாரூர்ப் பூங்கோயிலில் பூமண்டபத்தின் பக்கத்தே விழுந்திருந்த மலரொன்றை எடுத்து மோந்தார் பட்டத்து அரசியார். செருத்துணையார் அவர் மூக்கை அரிந்தார். அரசர் வந்து, முதலிற் குற்றம் செய்தது மலரை எடுத்த கையன்றோ என்று அக்கையைத் துணித்தார். இப்புராணம் கேட்போரை நடுங்கச் செய்வது. அவ்வரசியார் பெயர் நூலில் இல்லை. இக்காலத்து வரலாற்றாராய்ச்சியாளருள் ஒருசாரார் கழற்சிங்கர் என்பார் பல்லவன் இராசசிம்மனே என்பர். மற்றொருசாரார் மூன்றாம் நந்திவர்மன் என்பர். இராசசிம்மன் தேவி ரங்கபதாகை. காஞ்சிக் கைலாசநாதர் கோயிலின் முகப்பிலுள்ள சிறு தளிகளுள் ஒன்றை எடுப்பித்து, அதிலே தம் பெயர் பொறிக்கப்பெற்று விளங்கும் பேரரசி அவர். மூன்றாம் நந்திவர்மன் தேவி சங்கா. இராட்டிரகூடர் குலத்துப் பிறந்து நிருபதுங்கவர்மனை ஈன்ற அவரைப் பாகூர்ச் செப்பேடுகள் போற்றுகின்றன. இருவரும் வரலாற்றில் வாழ்ந்த மாதர்.

இப்பொழுது பெயரிடும் ஆர்வமுடையார் ஒருவர், “அரசிக்குப் பெயரில்லையே” என்று இரங்கி, இவ்விருவருள் ஒருவர் பெயரை எடுத்து ஆங்கே வைத்துவிடுகின்றார் எனக் கொள்க. அவர் கொண்ட ஆராய்ச்சி முடிபு தவறாயிருந்தால் விளைவது யாது? சிவபெருமானுக்குக் கற்றளி எடுத்த ஒரு தேவியின் தலையில், அவர் செய்தாரென்று எந்நூலும் எக்கல்லும் கூறாத சிவாபராதம் ஏற்றப்படும். மூக்கரிந்த கதை அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டு ஊரூராய்த் திரியும். காஞ்சிக்குச் செல்லும் யாத்திரிகர்க்கு வழிகாட்டுவோன், “இவள்தான் அவள்” என்று சுட்டிக் காட்டுவான். செத்தோர் வழக்காட வாரார். ஆதலின் அவர்மேற் சொல்லும் சொல்லுக்கு இருமடங்கு விழிப்பு வேண்டும். சேக்கிழார் அவ்வரசியைப் பெயர் கூறாது தேவியார் என்று நிறுத்தியது, பிழை செய்தாரையும் பழியினின்று காத்த பண்பாகவே விளைந்துளது. அப்போர்வையை உரிப்பதற்கு இக்காலத்தார்க்கு உரிமை தந்தவர் யார்?

இங்ஙனம் கூறியதுகொண்டு, புராணம் படிக்கும் பழைய கூட்டத்தார், “நம் கட்சி வென்றது” என்று மகிழ்ந்து எழுந்து செல்லற்க. பெயரிடுவோரைப் பெயரிடத் தூண்டிய குற்றம் பெரும்பாலும் அவருடையதே. ஆசிரியர் பெயரை மட்டும் வையாது விட்டார்; பின்வந்த சொற்பொழிவாளரோ ஆளையே வையாது விட்டனர். இளையான்குடி மாறனார் குருபூசையன்று நிகழும் சொற்பொழிவுகளைக் கேட்டவர் அறிவர். நாயனார் மழையில் நனைந்து சென்றதும், காலால் தடவி முளையை வாரிக் கொணர்ந்ததும் ஒரு நாழிகை விரிக்கப்படும். அவ்வழியைச் சொன்னவர் யார்? விருந்தினர் பசித்திருக்க, என்செய்வேம் என்று கணவர் கேட்டபோது, வீட்டில் ஒன்றுமில்லை, அயலார் இனித் தாரார், பொழுதும் கடந்தது என்று ஒவ்வொன்றாய் எண்ணிப் பார்த்து, பகலில் விதைத்த நெல்முளையை வாரி வந்தால் இயன்றவாறு அமுதாக்கலாம் என்று வழி கண்டவர் மனைவியார். வாயிலில் காத்திருந்து முளையை வாங்கிச் சேறு போகக் கழுவியவர் அவர். விறகில்லையென்று கேட்டுக் கூரை அலகை அறுக்கச் செய்தவர் அவர். ஈரநெல்லை வறுத்துக் குற்றி அரிசியாக்கியவர் அவர். கறிக்கு என்செய்வதென்று வினவிக், குழியில் முளைத்திருந்த சிறு கீரையைக் கணவர் பறித்துவர, அவ்வொன்றையே வெவ்வேறு கறியாகச் சமைத்தவரும் அவரே. அவ்விரவின் அறிவெல்லாம் அவர் அறிவு. இறைவன் எழுந்தருளியபோதும் மாறனாரை மனைவியோடு கூட வருகவென்றே அழைத்தான். சேக்கிழார் செய்யுள் செய்யுளாக நடத்திய அப்பகுதியைச் சொற்பொழிவாளர், “மனைவியும் உதவினாள்” என்று இரண்டு சொல்லில் முடிக்கின்றனர். பின்னர், பிறிதொருவர் வந்து அவ்வம்மையார்க்குப் பொய்ப்பெயர் சூட்டும்போது மட்டும் வெகுண்டெழுகின்றனர்.

தில்லைக் குயவனார் வரலாறும் அப்படியே. கணவர் பரத்தையிற் பிரிந்து வந்தபோது மனைவியார் இட்ட ஆணையில், தம்மைக் குறிக்க ஒருமையாற் சொல்லாது பன்மையாற் சொன்னார். அப்பன்மையைப் பற்றிக்கொண்டே நாயனார் மற்றை மாதரையும் மனத்தாலும் தீண்டேன் என்று உறுதி பூண்டார். இருவரும் ஒரு மனையில் வாழ்ந்து, அயலார் அறியாது, இளமை கழிந்து முதுமை வரக் காத்த நோன்பு முழுவதும் அவ்வம்மையார் வாயிற் பிறந்த ஒரு விகுதியின்மேல் நிற்கின்றது. இலக்கணம் கற்பிப்போர் ஒருமை பன்மைக்கு வேறு உதாரணம் தேடுவது வியப்பே.

மடங்களும் சைவ சபைகளும் இத்துறையில் செய்யத்தக்கது அரிதன்று. குருபூசை அழைப்பில் நாயனாரை மட்டும் குறிக்காது, புராணம் இருவரையும் கூறுமிடத்து இருவரையும் குறிக்கலாம். மனைவியார் என்ற சொல் போதும். நாடகம் எழுதுவோர்க்கு அழைக்கும் பெயர் இன்றியமையாததாயின், அப்பெயர் தாம் இட்டதென்றும் புராணத்தில் இல்லையென்றும் நூன்முகத்திலும் மேடையிலும் ஒருமுறையேனும் சொல்லிவிடுக. திரையிலோ தொலைக்காட்சியிலோ அதனைத் தொடக்கத்தில் எழுதிக் காட்டுதற்கு ஒரு நொடி செல்லும். சிறுவர் நூல்களில் மட்டும் இதற்கும் இடந்தரலாகாது. சிறுவர் முன்னுரை படியார். நாவலர் பெருமான் 1852ஆம் ஆண்டில் பெரியபுராணத்தை வசனமாக்கியபோது, இப்பெயர்கள் ஒன்றுமின்றியே கதை தடையற நடந்தது.

இயற்பகையார் மனைவியாரைப் பற்றி ஒன்று கூறவேண்டும். எதிர்வாதியார் முதலிற் சுட்டுவது அவரையே. ஒரு பொருள்போல் அவர் பிறர்க்குக் கொடுக்கப்பட்டார், கொடுக்கப்பட்டவர்க்குப் பெயரும் இல்லை என்பர். கேட்கவே கூசும் நிகழ்ச்சி அது. சேக்கிழாரும் அதனை மழுப்பினாரல்லர். கணவர் சொல்லைக் கேட்டு அவ்வம்மையார் முதலிற் கலங்கினார் என்றே கூறுகின்றார். கலங்கிப் பின் தெளிந்தார். அக்கலக்கத்தை ஒரு பெயரால் மூடிவிட முடியாது. பின்னர்ச் சுற்றத்தார் வாளேந்தி வழிமறித்தபோது, வேடந்தாங்கி வந்த முனிவர் அஞ்சினார்போல் அம்மையாரை நோக்கினார். அதற்கு அவர், அஞ்ச வேண்டா, இயற்பகை வெல்லும் என்றார். கணவன் பெயரை மனைவி நாவாற் கூறாத நாடு இது. அந்நாட்டிலே, தம் பெயர் எவர்க்கும் தெரியாத ஒருத்தி, தம்மைப் பிறர்க்குத் தந்துவிட்ட கணவர் பெயரைச் சொல்லித் தம்மைப் பெற்றவர்க்கு அபயம் தருகின்றார். இயற்பகையார் புராணத்தை மேடையில் எடுப்போர் பெரும்பாலும் இச்செய்யுளைத் தாண்டியே போரைத் தொடங்குகின்றனர்.